அக்கா படித்துக் காட்டிய இளவரசி

வணக்கம். எல்லாரும் சுகமாக இருக்கிறீர்களா? இங்கே திண்டுக்கல்லில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் வீட்டுக்கு ஒருவர் இருமத் தொடங்கிவிட்டார். உங்கள் பக்கம் எப்படி? கால்வலி உள்ளவர்கள் காலை நீட்டிக்கொள்ளுங்கள். சுக்குக் காப்பி இருந்தால் ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். இது கொஞ்சம் பெரிய கதை. அக்கா தங்கை கதை. நடுவில் இங்கிலாந்து ராஜ வீட்டுப் பெண் ஒருத்தியும் வந்து போவாள்.

பூ மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் நாச்சிமுத்து மாலைக்கடை இருக்கிறது. முன்னால் கடை, பின்னால் தகரக் கொட்டகை, அதற்கும் பின்னால் வீடு. இந்தக் கதை நடந்தபோது நாச்சிமுத்து போய்ச் சேர்ந்து இரண்டாவது வருஷம். கடையை மூத்த மகள் சண்முகவள்ளி நடத்துகிறாள். அவள் புருஷனுக்குத் திருப்பூரில் வேலை, மாதத்துக்கு ஒரு தரம் வந்து தலைகாட்டுவான். எட்டாவது படிக்கும் ஒரு மகள் உண்டு. இளையவள் தமிழ்மதிக்கு வயது இருபத்தாறு. தாய் முகம் அவளுக்குச் சரியாக நினைவில்லை. தலை வாரிவிட்டது, காய்ச்சலுக்குக் கஞ்சி ஊட்டியது, பள்ளிக்கூட வாசலில் கொண்டுபோய் விட்டது எல்லாம் அக்காதான்.

அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மல்லியும் முல்லையும் கனகாம்பரமும் கட்டுவார்கள். ஒருவர் மட்டும் கட்டாமல் சத்தமாகப் படிப்பார். படிக்கிறவர் பங்குப் பூவை மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கை அள்ளிக் கட்டிக் கொடுத்துவிட வேண்டும். நாச்சிமுத்து இருந்தவரை தினசரிப் பேப்பர் படித்தார். அவருக்குப் பிறகு சண்முகவள்ளி நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துவந்து படித்தாள். அவளுக்கு நல்ல குரல். அழுகிற இடத்தில் அழுவாள், அதட்டுகிற இடத்தில் அதட்டுவாள். தெருவில் போகிறவர்கள் யாரோ சண்டை போடுகிறார்கள் என்று எட்டிப் பார்த்ததுகூட உண்டு.

வாழைநார் காய்ந்தால் அறுந்துபோகும். அதனால் கிண்ணத்துத் தண்ணீரில் நனைத்து நனைத்துத்தான் கட்டுவார்கள். எல்லார் கையும் எப்போதும் ஈரம். ஈரக் கை காகிதத்தில் படக்கூடாது என்பது நாச்சிமுத்து போட்ட சட்டம். ஆகவே அந்தக் கொட்டகையில் படிக்கிறவரைத் தவிர வேறு யாரும் புத்தகத்தைத் தொட்டதில்லை. படிக்கிறவர் வாயிலிருந்து வருவதுதான் புத்தகம்.

தமிழ்மதி கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். விரல் தானாகக் கட்டிக்கொண்டு போகும். சின்ன வயதில் அக்கா கதை சொன்னபோது கேட்ட அதே மாதிரி.

இனி செழியனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவன் நாச்சிமுத்துவின் வலது கை. கல்யாண மண்டபங்களுக்குப் பந்தல் அலங்காரம், வண்டி, ஆள் எல்லாம் அவன் பொறுப்பு. சொந்த ஊர் எரியோடு. ஒரு கல்யாணம் நடந்து, ஒத்துவராமல், கோர்ட்டில் தீர்ந்துபோயிருந்தது. தமிழ்மதியைவிடப் பத்து வயது மூப்பு. அப்பா படுக்கையில் கிடந்த நாட்களில் ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் ஓடியது அவனும் அவளும்தான். ஓடிய ஓட்டத்தில் மனசு ஒட்டிக்கொண்டது.

காரியம் முடிந்த கையோடு தமிழ்மதி அக்காவிடம் சொன்னாள். சண்முகவள்ளி கத்தவில்லை. தங்கையின் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா வருசம் திரும்பட்டும் தமிழு. அதுக்கு முன்ன வீட்டுல நல்லது செய்யக் கூடாது. திரும்புனதும் நானே முன்ன நின்னு செய்யிறேன். அது வரைக்கும் அவர் இங்கன இருக்க வேணாம், ஊர் வாய் சும்மா இருக்காது. ஓசூர்ல ரோஜா கொள்முதலுக்கு ஆள் வேணும். அங்க போயி இருக்கட்டும்."

செழியன் ஓசூர் போனான். வருஷம் திரும்பியது. அக்கா ஆடி கழியட்டும் என்றாள். ஆடி கழிந்தது. ஆவணி முகூர்த்தத்தில் கடையில் தலைக்குமேல் வேலை, தையில் வைத்துக்கொள்ளலாம் என்றாள். தமிழ்மதி சரி என்றாள். அக்கா சொன்னால் சரிதானே.

இப்படி இருக்கையில்தான் புரட்டாசிக் கடைசியில் அந்தப் புத்தகம் வந்தது. மார்கரெட் இளவரசியின் வாழ்க்கை வரலாறு. அட்டையில் முத்துமாலை போட்ட பெண்ணின் படம். அதைப் பார்த்துத்தான் சண்முகவள்ளி எடுத்துவந்திருந்தாள்.

"அது யாரு, ராணியம்மாவா?" என்று கேட்டாள் மாயம்மாள். கொட்டகையிலேயே மூத்தவள். எழுத்து தெரியாது, ஆனால் கேட்ட கதை ஒன்றையும் மறக்க மாட்டாள்.

"ராணிக்குத் தங்கச்சி" என்றாள் சண்முகவள்ளி.

"அப்ப நம்ம தமிழு மாதிரின்னு சொல்லு."

எல்லாரும் சிரித்தார்கள்.

முதல் நாட்கள் கலகலப்பாகப் போயின. அரண்மனை, குதிரை, அக்காளும் தங்கையும் ஒரே மாதிரி கவுன் போட்டுக்கொண்டு நிற்பது, உலக யுத்தம். அப்பா ராஜா சீக்குப்பட்டுப் படுத்து ஐம்பத்தாறு வயதில் செத்துப்போன இடத்தில் சண்முகவள்ளியின் குரல் உண்மையாகவே உடைந்தது. மாயம்மாள் முந்தானையில் மூக்கைத் துடைத்தாள்.

அடுத்த மத்தியானம்தான் டவுன்சென்ட் வந்தார். யுத்தத்தில் விமானம் ஓட்டியவர். ராஜாவுக்குப் பக்கத்திலேயே இருந்து வேலை பார்த்த அதிகாரி. இளவரசியைவிடப் பதினாறு வயது மூத்தவர். மனைவியை விவாகரத்து செய்தவர். இளவரசிக்கும் அவருக்கும் காதல். விவாகரத்தானவரைக் கட்டிக்கொள்ள அவர்கள் தேவாலயச் சட்டம் இடம் தரவில்லை.

கொட்டகையில் பூக்கட்டும் கைகள் கொஞ்சம் மெதுவாயின. பக்கத்து வீட்டு ஜெஸ்ஸி தமிழ்மதியின் தொடையில் கிள்ளினாள். ஜெஸ்ஸி நர்ஸிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த பெண், பொழுது போகவென்று பூக்கட்ட வருவாள்.

"எங்க கோயில்லயும் இதான்க்கா சட்டம். கட்டுனவ உசுரோட இருந்தா ரெண்டாவது கல்யாணம் பண்ணி வைக்க மாட்டாங்க" என்றாள்.

"அந்த ஊர்லயுமா?" என்றாள் பொன்னழகு. தாவணி வயதிலிருந்தே அந்தக் கடையில் மாலை கட்டுகிறவள், யாருக்கும் பயப்பட மாட்டாள். "சரி, அக்காக்காரி என்ன சொன்னா? அத படி வள்ளி."

சண்முகவள்ளி படித்தாள். ராணியாகிவிட்ட அக்கா தங்கையிடம் ஒரு வருஷம் பொறுத்துக்கொள் என்று சொன்னாராம். இருபத்தைந்து வயதுவரை அக்காவின் சம்மதம் இல்லாமல் தங்கை கல்யாணம் செய்ய முடியாதாம். டவுன்சென்டை நாட்டைவிட்டு வெளியே, பெல்ஜியத்தில் ஒரு வேலைக்கு அனுப்பிவிட்டார்களாம்.

"ஓசூருக்கா?" என்றாள் பொன்னழகு.

கொட்டகை அதிர்ந்தது. மாயம்மாளுக்குப் புரை ஏற, ஜெஸ்ஸி அவள் தலையில் தட்டினாள். தமிழ்மதியும் சிரித்தாள், முகம் சூடாகிவிட்டது. சண்முகவள்ளியும் சிரித்தாள். ஆனால் புத்தகத்தை மூடிவிட்டு, தலை வலிக்கிறது, மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்து போனாள்.

அன்று சாயங்காலம் செழியன் போன் செய்தான்.

"தமிழு, எங்கம்மா எரியோட்டுல ஒரு பொண்ணப் பாத்து வச்சிருக்கு. தினம் போன் போட்டு உசுர வாங்குது. கார்த்திகையில இங்கயே கோயில்ல தாலி கட்டி ரிஜிஸ்டர் பண்ணிருவோம். நீ ம்ன்னு ஒரு வார்த்த சொல்லு. நான் எல்லாத்தையும் பாத்துக்கிறேன்."

"செத்த பொறுங்க. நாலு நாள்ல சொல்றேன்."

நாலு நாளில் என்ன ஆகிவிடும் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் உள்ளுக்குள் ஒரு நினைப்பு ஓடியது. அந்த இளவரசிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டுச் சொல்லலாம். சிரிக்காதீர்கள். பல்லி கத்தினதை வைத்துப் பயணத்தைத் தள்ளிப்போடுகிற ஊர் இது. தன்னைப்போலவே ஒருத்தி, அக்கா சொல்லைக் கேட்டுக் காத்திருந்தாள். அவள் காத்திருந்ததற்குப் பலன் இருந்ததா? அது தெரிந்தால் போதும் என்று தோன்றியது.

சண்முகவள்ளி இரண்டு நாள் கழித்து மறுபடியும் புத்தகத்தை எடுத்தாள். தலைவலி என்று எழுந்துபோன அன்று இரவே கடைசிவரை படித்துப் பார்த்திருக்கிறாள் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

அன்று அவள் படித்ததைப்போல் என்றும் படித்ததில்லை. இளவரசிக்கு இருபத்தைந்து வயது நிறைகிறது. டவுன்சென்ட் திரும்பி வருகிறார். பாதிரிமார் எதிர்க்கிறார்கள், மந்திரிமார் எதிர்க்கிறார்கள். நாட்டில் எங்கு பார்த்தாலும் இதே பேச்சு. ராணி ஒரு நாள் சாயங்காலம் தங்கையைக் கூப்பிட்டு அனுப்புகிறார்.

"ராணி தங்கையின் கைகளைப் பற்றிக்கொண்டார்" என்று சண்முகவள்ளி நிறுத்தி நிறுத்திப் படித்தாள். "நான் பொறு என்றேன், நீ பொறுத்தாய். ஒரு நாளும் என்னை எதிர்த்துப் பேசவில்லை. உன் பொறுமைக்கு முன்னால் சட்டம் என்ன சட்டம்? உன் கல்யாணத்தை நானே முன்னால் நின்று நடத்துகிறேன் என்றார்."

"அக்கான்னா அக்கா!" என்றாள் மாயம்மாள். கண்ணில் தண்ணீர்.

தமிழ்மதி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். இமை ஓரம் ஈரமாகி வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை, கையில் பாதி கட்டிய சரம்.

கல்யாணமும் நடந்தது. பெரிய தேவாலயம், வெள்ளைக் கவுன், தெரு நெடுகக் கூட்டம். மணமக்கள் குண்டுமல்லி மாலை மாற்றிக்கொண்டார்களாம்.

ஜெஸ்ஸி நிமிர்ந்து பார்த்தாள். "சர்ச்சுல ஏதுக்கா மாலை? அதுவும் இங்கிலாந்துல?"

சண்முகவள்ளி பக்கத்தைப் புரட்டினாள். "பொக்கேயத்தான் மாலைன்னு போட்டிருக்கான். தமிழ்ல எழுதுறவன் நமக்குப் புரியணும்னுதானே எழுதுவான்."

"அவன் போட்டான் மாலைய. நம்மகிட்ட ஆர்டர் குடுத்திருந்தா வாசமா கட்டிக் குடுத்திருப்போம்ல" என்றாள் பொன்னழகு. பேச்சு அப்படியே வேறு பக்கம் போயிற்று.

பரம்பரையாக மாலை கட்டுகிற வீட்டு மூத்த பெண்ணுக்கு, மாலை இல்லாத ஒரு கல்யாணத்தைப் பொய்யாகக்கூட நினைத்துப் பார்க்க வரவில்லை.

அன்றைக்கே தமிழ்மதி ஓசூருக்குப் போன் போட்டாள். "கார்த்திகை வேணாங்க. தையில அக்காவே செய்யும். எனக்கு நம்பிக்கை வந்துருச்சு."

"இத்தன நாள் இல்லாத நம்பிக்கை இன்னைக்கு எப்படி வந்துச்சு?"

அவள் இளவரசி கதையைச் சொன்னாள். மூச்சுவிடாமல் சொன்னாள்.

"இங்கிலாந்து ராணி செஞ்சா வள்ளியக்காவும் செய்யுமா?" என்றான் செழியன். அவன் குரலில் கிண்டல் இல்லை, களைப்புதான் இருந்தது. "சரி. நீ சொல்ற. இதுக்கு மேல எங்கம்மாவ எத்தன நாளைக்கு நிறுத்தி வைக்க முடியும்னு எனக்குத் தெரியல தமிழு."

போனை வைத்த பிறகு அந்தக் கடைசி வார்த்தை அவளை அரித்துக்கொண்டே இருந்தது. அவனுக்கும் நம்பிக்கை வரவேண்டும். என்ன செய்யலாம்? அந்தக் கல்யாணப் போட்டோவை அனுப்பினால்? வெள்ளைக் கவுனும் விமானக்காரரும் ஜோடியாக நிற்கிற போட்டோ புத்தகத்தில் இருக்காமலா போகும்? ஆனால் சண்முகவள்ளி மறுநாள் காலையிலேயே புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டிருந்தாள். தவணை இன்னும் இருக்கிறதே என்று கேட்டதற்கு, முடிந்த புத்தகத்தை எதற்கு வைத்துக்கொண்டிருக்க என்றாள்.

ஒரு மழை நாள், நிலக்கோட்டையிலிருந்து பூ வரவில்லை. தமிழ்மதி நூலகத்துக்குப் போனாள். புத்தகம் அலமாரியில்தான் இருந்தது. அன்றைக்கு அவள் கை காய்ந்திருந்தது. முதல் தடவையாக அதைத் தொட்டாள்.

நடுவில் வழவழப்பான தாள்களில் படங்கள். குழந்தைகளாக இரண்டு சகோதரிகள். ராஜாவின் சவ ஊர்வலம். சீருடையில் டவுன்சென்ட், மெலிந்த முகம், மேலே தூக்கி வாரிய முடி. அடுத்த பக்கத்தில் கல்யாணப் படம். வெள்ளைக் கவுன், தலையில் கிரீடம். தமிழ்மதி சிரித்துக்கொண்டே போனை எடுத்துப் படம்பிடித்தாள். எடுத்த பிறகுதான் மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

வேறு ஆள்.

வேறு யார் கல்யாணமோ என்று நினைத்தாள். கீழே இருந்ததைப் படித்தாள். 1960 மே மாதம், இளவரசி மார்கரெட், ஆன்டனி ஆம்ஸ்ட்ராங் ஜோன்ஸ் என்ற புகைப்படக்காரர். அறுபதா? இருபத்தைந்து வயது நிறைந்தது ஐம்பத்தைந்தில் அல்லவா? அவள் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினாள்.

அக்கா படித்த அந்த இடத்தில் ராணி தங்கையின் கையைப் பிடிக்கவில்லை. பொறுமைக்கு முன்னால் சட்டம் என்ன என்று யாரும் சொல்லவில்லை. 1955 அக்டோபர் கடைசி நாளில், டவுன்சென்டைத் தான் மணக்கப்போவதில்லை என்று இளவரசி ஓர் அறிக்கை விட்டாள். அவ்வளவுதான். பொறு, பொறு என்று சொல்லித் தள்ளிக்கொண்டே போனதில் அதற்குமேல் ஒன்றும் மிஞ்சவில்லை. நாலு வருஷம் கழித்து டவுன்சென்ட் பெல்ஜியத்துப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டார். அதற்கு அடுத்த வருஷம் இவள் கட்டிக்கொண்டதும் நிலைக்கவில்லை, விவாகரத்தில் முடிந்தது.

தமிழ்மதி அந்தப் பக்கங்களை மூன்று தடவை படித்தாள். குண்டுமல்லியைத் தேடினாள். குண்டுமல்லி எங்கேயும் இல்லை.

அவள் அழவில்லை. ஆடி கழியட்டும். ஆவணியில் வேலை. தையில் வைத்துக்கொள்ளலாம். அந்த வார்த்தைகளை எல்லாம் இப்போது வேறு குரலில் கேட்டாள். தன் நூலக அட்டையில் பதிந்துகொண்டு புத்தகத்தை எடுத்துவந்தாள்.

மறுநாள் மத்தியானம் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். சண்முகவள்ளி புதிதாகக் கொண்டுவந்திருந்த சமையல் புத்தகத்தைப் பிரிக்கப்போனாள். தமிழ்மதி வந்து, படிக்கிறவர் உட்காரும் பலகையில் உட்கார்ந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு நான் படிக்கிறேன்க்கா. என் பங்குப் பூவ நீ கட்டு."

"என்னடி புதுசா?" என்று சிரித்த சண்முகவள்ளி, அட்டையில் முத்துமாலை போட்ட முகத்தைப் பார்த்துவிட்டாள். சிரிப்பு நின்றது. வாழைநாரை எடுத்துத் தண்ணீரில் நனைத்தாள்.

"அதான் படிச்சு முடிச்சாச்சே தமிழு" என்றாள் மாயம்மாள்.

"இல்ல பெரியம்மா. முடிவ இன்னும் நாம கேக்கல."

தமிழ்மதிக்கு அக்கா மாதிரிக் குரல் கிடையாது. ஏற்ற இறக்கம் இல்லாமல், பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி படித்தாள். அறிக்கை விட்ட இடம். டவுன்சென்ட் போன இடம். வேறு மாப்பிள்ளை. விவாகரத்து. ஒரு வரி விடவில்லை, ஒரு வரி சேர்க்கவில்லை. முதலில் பொன்னழகின் கை நின்றது, பிறகு ஜெஸ்ஸியின் கை. கடைசியில் சண்முகவள்ளியின் விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு பூ, ஒரு முடிச்சு, இரண்டு பூ, ஒரு முடிச்சு.

"அப்ப அன்னைக்கு நீ படிச்சது?" என்றாள் மாயம்மாள். சண்முகவள்ளியைப் பார்த்துத்தான் கேட்டாள். "ஏ வள்ளி, உன்னயத்தான். நான் அழுதேனே, அது எதுக்கு?"

சண்முகவள்ளி நிமிரவில்லை. "நானாத்தான் சொன்னேன்."

"எதுக்குக்கா?" என்றாள் தமிழ்மதி.

"உள்ளத உள்ளபடி படிச்சிருந்தா நீ அன்னைக்கே பையத் தூக்கிட்டு ஓசூருக்குக் கெளம்பியிருப்ப. உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே அத படிக்க எனக்கு வாய் வரல."

"சரி. தையில செய்வியா, செய்ய மாட்டியா? அத மட்டும் சொல்லு."

தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. சண்முகவள்ளி சரத்தை இழுத்து முடிச்சை இறுக்கினாள்.

"எனக்கும் ஒரு பொட்டப்புள்ள இருக்கு தமிழு. நாளைக்கு அவளப் பொண்ணு கேட்டு வர்றவன் சித்தி யாரைக் கட்டியிருக்கான்னு கேக்க மாட்டானா? ஒருத்திய விட்டுட்டு வந்தவன், அதுவும் நம்மகிட்டக் கூலிக்கு இருந்தவன். சொந்தக்காரங்க என்ன பேசுவாங்க? நீயும் போயிட்டா இந்தக் கடையில நான் ஒத்தையில எதைன்னு பாப்பேன்?"

"அப்ப செய்ய மாட்ட."

"நாள் ஆக ஆக நீயே மறந்துருவன்னு நெனச்சேன்."

"இத அப்பா செத்தப்பவே நெனச்சியா? கையப் பிடிச்சு மடியில வச்சுக்கிட்டு, நானே முன்ன நின்னு செய்யிறேன்னு சொன்னியே, அப்பவே நெனச்சியா?"

சண்முகவள்ளி ஏற்கெனவே நனைந்திருந்த நாரை மறுபடியும் தண்ணீரில் முக்கினாள். அதுதான் பதில் என்று எல்லாருக்கும் புரிந்தது.

தமிழ்மதி புத்தகத்தை மூடினாள். "மாட்டேன்னு சொல்லியிருந்தா உன்கூடச் சண்ட போட்டிருப்பேன்க்கா. ஒரு மாசம் பேசாம இருந்திருப்பேன். அப்புறம் ஒருவேள உனக்காக விட்டுக்கூடக் குடுத்திருப்பேன், யாரு கண்டா. ஆனா நீ படிக்கயில நான் கண்ண மூடிக்கிட்டுல்ல கேட்டேன். அப்ப நீ என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே பொய் சொல்லியிருக்க."

அதைச் சொன்னபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சண்முகவள்ளி எழுந்து பக்கத்தில் வந்தாள். தமிழ்மதி நகர்ந்துகொண்டாள். தோளில் பட்ட ஈரக் கையின் சில்லிப்பு மட்டும் ரவிக்கையில் நின்றது.

அன்று சாயங்காலம் செழியனுக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள். "உங்கம்மாகிட்ட என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"வேணாம்னு சொல்லல தமிழு. பொய் சொல்ல மாட்டேன். நீ தைன்னு சொன்னதும் எனக்கு விட்டுப்போச்சு. சரின்னு சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா சொல்லல."

"நான் நாளைக்கு வாரேன்."

"நான் வந்து கூட்டிட்டு வரட்டா?"

"வேணாம். நானே வாரேன்."

விடிந்ததும் ஒரு பையோடு பஸ் ஸ்டாண்டில் நின்றாள். ஜெஸ்ஸி கூட வந்திருந்தாள். நூலகப் புத்தகத்தை அவளிடம் கொடுத்துத் திருப்பிவிடச் சொன்னாள். சேலம் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தபோது பொன்னழகு ஓடிவந்தாள். கையில் வாழை இலைப் பொட்டலம்.

"உங்கக்கா குடுத்துச்சு. ராவெல்லாம் உக்காந்து கட்டுனதாம். ரெண்டு மால."

தமிழ்மதி இலையை விலக்கிப் பார்த்தாள். குண்டுமல்லி. நடுவில் ரோஜாப் பதக்கம். நெருக்கமும் முடிச்சும் அக்கா கைதான், கூட்டத்தில் பார்த்தாலும் தெரியும். ஊரில் எத்தனையோ கல்யாணங்களுக்கு மாலை கட்டித் தந்த வீடு. அந்த வீட்டுப் பெண்ணுக்கு அந்த வீட்டு மாலைதான் விழ வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். ஒரு நொடி அவள் கை அதை வாங்கிக்கொள்ளப் போனது.

"தையில செய்யிறேன்னு சொன்னாளே, அப்ப கட்ட வேண்டிய மால இது" என்றாள். இலையை மறுபடியும் மூடினாள். "கடையிலயே வித்துரச் சொல்லு பொன்னழகக்கா. வாடிரப் போகுது."

"ஏத்தா, பூ என்ன செஞ்சுச்சு?"

"பூ ஒண்ணும் செய்யல. ஓசூர்லயும் பூ இருக்கு."

பஸ் நகர்ந்தது. பொன்னழகு பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றது, சிறுமலை மறைகிறவரை தமிழ்மதியின் கண்ணுக்குள் நின்றது.

கார்த்திகையில் ஓசூரில் கல்யாணம் நடந்தது. மார்க்கெட்டில் வாங்கிய ரோஜா மாலைதான். கழுத்தில் விழுந்ததும் முடிச்சு தளர்வாக இருப்பது அவளுக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. எரியோட்டு மாமியார் வந்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டே சாப்பிட்டாள். ஆனாலும் சாப்பிட்டாள்.

ஒரு மாதம் போயிற்று. ஜெஸ்ஸி போன் செய்தாள்.

"அக்கா, கொட்டகையில இப்ப யாரும் படிக்கிறதில்ல தெரியுமா? உங்கக்கா நேத்து புதுசா ஒரு புக்கப் பிரிச்சுக்கிட்டு உக்காந்துச்சு. மாயம்மா பெரியம்மா எந்திரிச்சுப் போயி, ஈரக் கையோட அத வெடுக்குன்னு வாங்கிருச்சு. எழுத்துதான் தெரியாதே. படம் படமா முன்னையும் பின்னையும் பொரட்டிப் பாத்துட்டு, 'இதுல எம்புட்டு உன் சரக்கு வள்ளி?'ன்னு கேட்டுச்சுக்கா. ஒருத்தரும் சிரிக்கல. உங்கக்கா புக்க வாங்கி வச்சுட்டு நார எடுத்துக்கிச்சு. இப்ப அதுவும் எங்ககூடத்தான் கட்டுது."

தமிழ்மதி கேட்டுக்கொண்டிருந்தாள். "அக்கா சாப்புடுதா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு பேச்சை ஜெஸ்ஸியின் வேலைக்கு மாற்றினாள்.

சாயங்காலம் செழியன் மார்க்கெட்டிலிருந்து வந்தான். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தான். "திண்டுக்கல் பக்கம் நல்ல மழையாம், படிக்கட்டா?" என்று தொண்டையைச் செருமினான். அவனுக்கும் நாச்சிமுத்து வீட்டுப் பழக்கம்தான்.

இரண்டு வரி படித்திருப்பான். தமிழ்மதி கத்தியைக் கீழே வைத்தாள். கையை முந்தானையில் துடைத்தாள். விரல் இடுக்கில்கூட ஈரம் இல்லாமல் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

"குடுங்க. நானே படிச்சுக்கிறேன்."

அவன் அவளைப் பார்த்தான். பேப்பரை மடித்து அவள் கையில் கொடுத்தான்.

கதை இவ்வளவுதான். சண்முகவள்ளியும் இன்றுவரை ஓசூருக்கு ஒரு போன் போடவில்லை, இவளும் போடவில்லை. உங்களுக்கும் யாராவது முகத்தைப் பார்த்துக்கொண்டே பொய்யாய்ப் படித்துக் காட்டியிருக்கிறார்களா? அக்காவோ அண்ணனோ, பொறு பொறு என்று சொல்லியே நாளைக் கடத்தியிருக்கிறார்களா? அதற்குப் பிறகு அவர்களோடு பேச்சுவார்த்தை உண்டா, இல்லையா? எழுதுங்கள். நாலு வரி என்றாலும் சரி, நாற்பது பக்கம் என்றாலும் சரி. வருகிற ஒவ்வொன்றையும் உட்கார்ந்து படிப்பேன்.